கோபுரம் தெரிகிறது, லைன் கிடைக்கவில்லையே!



கோல கெட்டில் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா கேட்டனுப்பியிருக்கிறார்: "எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தால் தொலைபேசிக் கோபுரம் தெரிகிறது. இரவில் அதன் சிவப்பு விளக்குகூடத் தெரிகிறது. ஆனால் என் ஹேண்ட்போனில் லைன் கிடைப்பதில்லை. அடுத்த டிவிஷனில் இருக்கும் என் தங்கை வீட்டிலிருந்து பார்த்தால் கோபுரமே தெரியாது. அவளுக்கு நன்றாகக் கிடைக்கிறது. இது என்ன நியாயம், வாத்தியாரே?"

நியாயமான கேள்விதான், அம்மா. ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இப்படிச் சொல்லலாம்: கோபுரம் உங்கள் கண்ணுக்குத் தெரிவது வேறு; அந்தக் கோபுரம் உங்களைப் பார்த்து நிற்பது வேறு. ஆனால் ஒரு வரிப் பதிலை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் நியாயம் கேட்க முடியாது. கைத்தொலைபேசியின் ஏற்பாடு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்ல முடியும். ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கம்பியில்லாத் தொலைபேசியா?

கைத்தொலைபேசி என்றால் கம்பியே இல்லாத தொலைபேசி என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தாய், கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாயின் குரலை அவருடைய கைத்தொலைபேசி எண்களாக மாற்றி, ரேடியோ அலையாக அனுப்புகிறது. பக்கத்துக் கோபுரம் அந்த அலையைப் பிடிக்கிறது. இந்தச் சில மைல் தூரம்தான் காற்றில். கோபுரத்தின் அடியில் உள்ள பெட்டி அதை ஒளியிழைக் கம்பியில் ஏற்றிவிடுகிறது. முடியைப் போல் மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியாகப் பாய்ந்து, அந்தக் குரல் தொலைபேசி நிறுவனத்தின் மைய நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடியும் கம்பி வழியே கூலிமில் உள்ள ஒரு கோபுரத்துக்கு வருகிறது. அந்தக் கோபுரத்திலிருந்து மகளின் காதுக்குப் போகும் கடைசித் தூரம்தான் மறுபடியும் காற்று.

ஆக, வழியில் பெரும்பகுதி கம்பி. இரண்டு முனைகளில் மட்டுமே காற்று. கைத்தொலைபேசிக்கும் மைய நிலையத்துக்கும் நடுவில் உள்ள ஏற்பாட்டை ரேடியோ அணுகு வலை என்று சொல்லலாம். அணுகுதல் என்றால் கிட்டே போதல். மையத்துக்குக் கிட்டே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அந்தப் பெயர். நம் தோட்டத்தில் லைன் இல்லையென்றால், பெரும்பாலும் கோளாறு இந்த வலையில்தான்.

மகள் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறாள் என்று மைய நிலையத்துக்கு எப்படித் தெரியும்? இது தோட்டத்துப் பெரட்டு மாதிரி. கைத்தொலைபேசியை நாம் தொடாமல் வைத்திருந்தாலும், "நான் இந்த வட்டாரத்தில் இருக்கிறேன்" என்று அது அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். அழைப்பு வந்ததும் அந்த வட்டாரத்துக் கோபுரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மகளின் பேரைக் கூப்பிடும். அவளுடைய கைத்தொலைபேசி "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். பிறகுதான் மணி அடிக்கும்.

ஜெராய் மலை உச்சியில் ஒன்று போதாதா?

வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது: "சார், ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். அதன் உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம் இருக்கிறது. கெடா, பெர்லிஸ், பினாங்கு வரைக்கும் படம் தெரிகிறதே! தொலைபேசிக்கும் அங்கே ஒரே ஒரு கோபுரம் போட்டால் என்ன?"

நல்ல கேள்வி. தொலைக்காட்சி என்பது கோவில் ஒலிபெருக்கி மாதிரி. ஒரு பாட்டுப் போட்டால் ஊரே கேட்கும். யாரும் பதில் பேச வேண்டியதில்லை. தொலைபேசியோ ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேச்சு. சுங்கை பட்டாணியில் ஒருவர் பேசும் அதே அலைவரிசையில் அலோர் ஸ்டாரில் இன்னொருவர் பேசினால், மலை உச்சியில் இருக்கும் ஒரே கோபுரத்தில் இரண்டும் மோதிக் குழம்பிவிடும். அரசாங்கம் ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் அலைவரிசைகளோ எண்ணி எடுக்கக் கூடியவை. ஒரே கோபுரம் என்றால் கெடா முழுவதிலும் ஒரே நேரத்தில் ஒரு சிறு கூட்டம்தான் பேச முடியும்.

இதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டக்ளஸ் ரிங். அவர் 1947 டிசம்பரில் எழுதிய ஒரு குறிப்பில், ஊரைத் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண அறைகளாகப் பிரிக்கலாம் என்றார். ஒவ்வோர் அறைக்கும் சிறிய சக்தியுள்ள ஒரு நிலையம். அடுத்தடுத்த அறைகளுக்கு வேறு வேறு அலைவரிசை. சில அறைகள் தள்ளிப் போனதும் முதல் அறையின் அலைவரிசையையே மறுபடியும் பயன்படுத்தலாம். தூரம் இருப்பதால் இரண்டும் மோதா. இந்த அறையைத்தான் ஆங்கிலத்தில் 'செல்' என்கிறார்கள். தமிழ்நாட்டு மக்கள் 'செல்போன்' என்று சொல்வது இந்தத் தேன்கூட்டு அறையிலிருந்து வந்ததே.

எண்ணம் பிறந்தது 1947இல். அது நடைமுறைக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1979இல் ஜப்பானின் தோக்கியோவிலும், 1981இல் வட ஐரோப்பிய நாடுகளிலும் தொடங்கியது. நம் நாட்டில் தொலைத்தொடர்பு இலாகா 1985இல் 'அத்தூர் 450' என்ற சேவையைக் கொண்டுவந்தது. அது அந்த வட ஐரோப்பிய முறையைச் சேர்ந்தது. பெரிய பெரிய அறைகள், குறைந்த கோபுரங்கள், கையில் தூக்கினால் கனக்கும் கருவி. 1989இல் செல்கோம் நிறுவனத்தின் சேவை வந்தது. 1995 வாக்கில், நாம் இன்று 2ஜி என்று சொல்லும் எண்முறைச் சேவைகள் தொடங்கின. ஆட்கள் கூடக் கூட அறைகள் சிறுத்தன, கோபுரங்கள் பெருகின. பட்டணத்தில் தெருவுக்குத் தெரு கோபுரம் நிற்பதற்கும், தோட்டத்தில் மைல் கணக்கில் ஒன்றும் இல்லாததற்கும் காரணம் இதுதான். கூட்டம் இருக்கும் இடத்தில் அறை சிறிது. கூட்டம் இல்லாத இடத்தில் அறை பெரிது.

கோபுரத்தில் என்ன இருக்கிறது?

நாளைக்கு வேலை முடிந்து வரும்போது கோபுரத்தைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். நீளவாக்கில் தட்டையான வெள்ளைப் பெட்டிகள் மூன்று பக்கமாகத் தொங்கும். அவைதாம் நம்மோடு பேசும் அலைவாங்கிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 பாகை அகலத்துக்கு, அதாவது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பொறுப்பு. அவற்றின் முகத்தைச் சற்றுத் தரையை நோக்கிச் சாய்த்தே கட்டுவார்கள். இல்லாவிட்டால் அலை நம் தலைக்கு மேலே ஓடி, தூரத்து அறைக்குள் புகுந்து குழப்பம் செய்யும்.

அவற்றின் பின்னால் சிறு பெட்டிகள் இருக்கும். அவை ரேடியோக் கருவிகள். மத்தளம் போல வட்டமாக இருப்பவை வேறு வேலைக்கு: ஒளியிழைக் கம்பி போகாத இடத்தில் அவை அடுத்த கோபுரத்தைப் பார்த்து நேர்கோட்டில் பேசும். அடியில் வேலிக்குள் இரும்பு அலமாரிகளும் மின்கலங்களும் இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோபுரம் ஒருவருடையது, அதில் தொங்கும் கருவி இன்னொருவருடையது என்பது இப்போது வழக்கம். 2012இல் தொடங்கிய எடோட்கோ போன்ற நிறுவனங்களின் தொழிலே கோபுரம் கட்டி வாடகைக்கு விடுவதுதான். ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் குடியிருக்கலாம். உங்கள் சிம் அட்டை எந்த நிறுவனத்துடையதோ, அது அங்கே குடியில்லை என்றால், கோபுரம் உங்கள் வாசலிலேயே நின்றாலும் உங்களுக்குப் பயனில்லை. லயத்தில் பக்கத்து வீட்டு அடுப்பு எரிந்தால் நம் உலை கொதிக்குமா?

மண்டோர், கிராணி, துரை

2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்று சொல்கிறார்களே, அவற்றுக்குள் என்ன வேறுபாடு? வேகம் மட்டும் அல்ல, நிர்வாகமும் வேறு. தோட்டத்து நிர்வாகத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

2ஜியில் கோபுரம் மண்டோர் மாதிரி. ஆட்களைப் பார்ப்பான், பேசுவான்; சொந்தமாக முடிவு செய்யமாட்டான். பல கோபுரங்களுக்கு மேலே ஒரு கட்டுப்பாட்டு நிலையம் உண்டு. அது டிவிஷன் கிராணி. யாருக்கு எந்த அலைவரிசை, யாரை எந்தக் கோபுரத்துக்கு மாற்றுவது என்றெல்லாம் கணக்குப் பார்ப்பது கிராணிதான். அதற்கும் மேலே மைய நிலையம்; அது துரையின் ஆபீசு. 3ஜியிலும் ஏறக்குறைய இதே அடுக்குதான்.

4ஜி வந்தபோது நடுவிலிருந்த கிராணியை எடுத்துவிட்டார்கள். அவருடைய வேலையில் பெரும்பகுதியை மண்டோருக்கே கற்றுக் கொடுத்தார்கள். கோபுரம் தானே முடிவெடுக்கும். பக்கத்துக் கோபுரத்தோடு நேரே பேசிக்கொள்ளும். நேராக மையத்துக்குச் செய்தி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் "ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற தாமதம் குறைந்தது. படமும் பாடமும் தடையில்லாமல் ஓடுவதற்கு அது ஒரு காரணம்.

5ஜியில் வேறொரு மாற்றம். கோபுரத்தின் வேலையை மூன்றாகப் பிரித்து வைக்க முடியும். அலையை அனுப்பி வாங்கும் கருவி கோபுரத்தின் மேலே. கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலைகளைச் செய்யும் பெட்டி கோபுரத்துக்கு அருகில். சற்றுத் தாமதித்தாலும் கெடாத வேலைகளைச் செய்யும் பெட்டி தொலைவில், பல கோபுரங்களுக்குப் பொதுவாக. எடுத்த கிராணியைப் புது உருவில் திரும்பக் கொண்டுவந்தது போலத்தான்!

நம் நாட்டில் 5ஜிக்கு இன்னொரு புதுமை உண்டு. 4ஜிவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் ரேடியோக் கருவிகளைத் தனியாக வைத்துக்கொண்டது. 5ஜிக்கு 2021இல் டிஜிட்டல் நேஷனல் என்ற அரசாங்க நிறுவனம் அமைக்கப்பட்டு, அது ஒரே வலையைக் கட்டிப் பல நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்றது. ரேடியோ பொது, மைய நிலையம் மட்டும் அவரவருடையது. ஒரே பஸ்ஸில் பல கம்பெனி ஆட்கள் வேலைக்குப் போவது மாதிரி. அந்தச் சேவை 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் தொடங்கியது. பிறகு 2024 நவம்பரில், இரண்டாவது 5ஜி வலையைக் கட்ட யு மொபைல் நிறுவனம் தேர்வு செய்யப்பட்டது.

அஞ்சல் ஓட்டம்

சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங்குக்கு பஸ்ஸில் போகும்போது பேசிக்கொண்டே போகிறீர்கள். வழியில் எத்தனையோ அறைகளைக் கடக்கிறீர்கள். பேச்சு அறுவதில்லை. எப்படி?

பள்ளி விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். முதல் பிள்ளை ஓடிவரும்போதே அடுத்த பிள்ளை கையை நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும். குச்சி கை மாறும். இங்கேயும் அப்படித்தான். உங்கள் கைத்தொலைபேசி, பேசிக்கொண்டிருக்கும் கோபுரத்தோடு பக்கத்துக் கோபுரங்களின் சத்தத்தையும் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்று மங்கி, மற்றொன்று பலமாகும் நேரத்தில் குச்சி கைமாறும். நடுவில் மலை மறைத்து, அடுத்த கோபுரம் கையை நீட்டும் தூரத்தில் இல்லையென்றால் குச்சி கீழே விழும், பேச்சு அறும். சிக், பாலிங் பக்கத்து மேட்டுப் பாதைகளில் இது நமக்குப் பழக்கமான சங்கதி. எல்லையோரம் போனால் தாய்லாந்துக் கோபுரமும் கையை நீட்டும். கவனிக்காமல் அந்தக் குச்சியை வாங்கிவிட்டால் வெளிநாட்டுக் கட்டணம் விழும். புக்கிட் காயு ஹீத்தாம் பக்கம் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

தோட்டத்துக்கு மட்டும் ஏன் இந்த வஞ்சனை?

இப்போது கேள்விக்கு வருவோம். கோபுரம் தெரிந்தும் லைன் கிடைக்காததற்கு முக்கியமான காரணங்கள் இவை.

முதலாவது, முகம். நெடுஞ்சாலைக்காகவோ பட்டணத்துக்காகவோ நிறுத்திய கோபுரத்தின் அலைவாங்கிகள் அந்தப் பக்கத்தையே நோக்கி இருக்கலாம். இரண்டு முகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் உங்கள் லயம் விழுந்தாலும் அலை மெலிந்துதான் வரும். தங்கை வீட்டைப் பார்த்து நிற்கும் கோபுரம் அவர் கண்ணுக்குப் படாத வேறொன்றாக இருக்கலாம்.

இரண்டாவது, இலையும் தகரமும். ரேடியோ அலைக்கு ஈரம் பகை. பால்மரத் தோப்பும் செம்பனைத் தோப்பும் அலையை உறிஞ்சும். மழை நனைத்த இலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். தகரக் கூரை அலையைத் திருப்பி அடிக்கும். வாசலில் வந்த லைன் வீட்டுக்குள் மறைவது அதனால்தான்.

இதில் எல்லா அலையும் ஒன்றல்ல. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அது மேட்டையும் மரத்தையும் ஓரளவு சுற்றிக்கொண்டு தூரம் போகும். 5ஜி பயன்படுத்தும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. அது மூட்டை மூட்டையாகச் சுமக்கும். ஆனால் தூரம் நடக்காது. 2019 அக்டோபரில் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டதும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைத்தொலைபேசிக்குக் கிடைத்தது. தூரம் போகும் அந்த அலைதான் நம்மைப் போன்ற வட்டாரங்களுக்கு உகந்தது.

மூன்றாவது, நம் குரல். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோபுரம் பல பத்து வாட் சக்தியோடு பேசுகிறது. நம் கையிலுள்ள 4ஜி கருவியோ கால் வாட்டுக்கும் குறைவாகத்தான் பேச முடியும். திரையில் தெரியும் கோடுகள், கோபுரத்தின் சத்தம் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் காட்டும். நம் சத்தம் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது. துரை மேட்டிலிருந்து ஒலிபெருக்கியில் பேசினால் நமக்குக் கேட்கும். நாம் பள்ளத்திலிருந்து வெறும் வாயால் பதில் சொன்னால் அவருக்குக் கேட்குமா? ஒன்றிரண்டு கோடு இருந்தும் அழைப்புப் போகாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். கோபுரம் தூரமாக இருந்தால் கருவி முழுப்பலத்தோடு கத்தும். மின்கலமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நான்காவது, நெரிசல். 2ஜியில் ஓர் அலைவரிசையை எட்டு பேருக்குப் பங்கு போடுவார்கள். வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரத்துக்குள் எட்டு பேருக்கும் ஒரு முறை வந்துவிடும். ஆகையால் ஒருவருக்கும் இடைவெளி தெரியாது. ஒன்பதாவது ஆள் வந்தால் காத்திருக்க வேண்டியதுதான். 4ஜியில் பங்கு போடும் முறை வேறு; ஆனால் குழாய் ஒன்றே. மாலையில் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தால், பொதுக்குழாயில் எல்லாக் குடமும் சேர்ந்தது போல ஒவ்வொருவருக்கும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கோடு நிறைய இருக்கும், படம் நகராது.

ஐந்தாவது, கோபுரத்துக்குப் பின்னால் உள்ள வழி. ஒளியிழைக் கம்பி வராத கோபுரம், அடுத்த கோபுரத்தின் மத்தளத்தை நம்பி நிற்கும். அங்கே கோளாறு என்றால் இங்கேயும் இருட்டு. மின்சாரம் போனால் அடியிலுள்ள மின்கலம் சில மணி நேரம்தான் தாங்கும்.

கடைசியாக, கருவி. 3ஜி சேவை நம் நாட்டில் 2021 இறுதியில் மூடப்பட்டது. 4ஜி வழியாகக் குரல் பேசும் வசதி இல்லாத பழைய கருவியில் பேச வேண்டுமென்றால் அது 2ஜியைத் தேடி இறங்க வேண்டும். சில வீடுகளில் "கோபுரம் சரியில்லை" என்று சொல்வது உண்மையில் கருவியின் வயதுதான்.

விழுக்காட்டுக்குள் விழாதவர்கள்

2020இல் அரசாங்கம் 'ஜெண்டேலா' என்ற திட்டத்தை அறிவித்தது. மலாயில் அதற்குச் சன்னல் என்று பொருள். 4ஜி சேவையை மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவது அதன் முதல் கட்ட இலக்கு. 'மக்கள் வாழும் பகுதி' என்ற சொல்லைக் கூர்ந்து கவனியுங்கள். அது நாட்டின் நிலப்பரப்பு அல்ல. பால் வெட்டும் காடும் செம்பனைக் குலை தள்ளும் காடும் யாரும் குடியிருக்கும் இடம் இல்லை. ஆனால் விடியற்காலையில் நம் ஆட்கள் நிற்பது அங்கேதான். பாம்பு கடிப்பதும், அரிவாள் வெட்டுவதும், மயங்கி விழுவதும் அங்கேதான். மீதமிருக்கும் சில விழுக்காட்டிலும் நம் லயங்கள் பல சிக்கிக்கொள்கின்றன.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, இதன் விலை என்ன என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு சபாவில் ஒரு மாணவி, தேர்வு எழுத லைன் கிடைக்க வேண்டுமென்று மரத்தில் ஏறி இரவு தங்கியது நாடு முழுதும் செய்தியாயிற்று. நம் தோட்டப் பிள்ளைகள் மேட்டுக்கும் சாலையோரத்துக்கும் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு நடந்தது செய்தியாகவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. பட்டணத்துப் பிள்ளை படித்த அந்த மாதங்களில் நம் பிள்ளை இழந்தது எழுத்தும் கணக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் சோதியுங்கள். ஒரே இடத்தில் நின்று உங்கள் கருவியையும், வேறு நிறுவனத்தின் சிம் அட்டை உள்ள கருவியையும் பாருங்கள். அவருக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், உங்கள் நிறுவனம் அந்தப் பக்கத்தைக் கவனிக்கவில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளில் ஒன்றில் மட்டும் கிடைத்தால் குறை கருவியில். வாசலில் கிடைத்து உள்ளே இல்லையென்றால் கூரையும் சுவரும். காலையில் சரியாக இருந்து மாலையில் படுத்துக்கொண்டால் நெரிசல். மின்சாரம் போன கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் போனால் கோபுரத்தின் மின்கலம்.

பிறகு எழுதுங்கள். கூரை ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னால் ஆபீசில் "பார்க்கலாம்" என்பார்கள். எந்த வீடு, எந்தத் தகரம் என்று காட்டினால்தான் ஆள் வரும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எந்த நிறுவனம், எந்த நாள், எந்த நேரம், பேச்சா இணையமா, வெளியிலா உள்ளேயா என்று எழுதி, குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திடுங்கள். முதலில் நிறுவனத்துக்கு அனுப்பி, புகார் எண் கேட்டு வாங்குங்கள். சரியான பதில் இல்லையென்றால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள். ஆள் குறைந்த இடங்களில் சேவை கொடுப்பதற்கென்றே தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து பணம் திரட்டி ஒரு நிதி வைத்திருப்பது அந்த ஆணையந்தான். தோட்டம் தனியார் நிலம். கோபுரம் நிற்க இடம் கொடுக்க நிர்வாகம் ஒப்ப வேண்டும். ஆகவே ஒரு நகல் தோட்ட ஆபீசுக்கும், ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகட்டும்.

கோபுரம் வந்தால் நோய் வருமே என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. ரேடியோ அலை எக்ஸ்ரே போன்றது அல்ல. அணுக்களை உடைக்கும் பலம் அதற்கு இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2024இல் வெளியான அறிக்கை, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. கோபுரம் கிட்டே இருந்தால் காதோரம் இருக்கும் கருவி மெதுவாகவே பேசும். தூரமாக இருந்தால்தான் முழுப்பலத்தோடு கத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தின் லைன் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டுமானால், 999 என்ற அவசர அழைப்பை அந்தக் கோபுரம் ஏற்றுக்கொள்ளும். கைத்தொலைபேசி முறையிலேயே அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. லைன் இல்லை என்று திரை சொன்னாலும், ஆபத்தில் ஒரு முறை 999 அழைத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மேட்டுப் பக்கமோ, மரம் குறைந்த வெளிப் பக்கமோ ஓடிப் போய் மறுபடி அழையுங்கள். உங்கள் காட்டில் எந்த நிரையில், எந்த மேட்டில் லைன் எட்டுகிறது என்பதை வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் வரும்வரை அதுவே நம் பாதுகாப்பு.

 சோதித்துப் பார்த்தவர்கள், என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வேறொரு கேள்வியோடு சந்திப்போம்.